துவைக்காத சட்டை

ஜூன் 11

குண்டுவின் அப்பாவுக்கு,

நலமா என்று கேட்கப் போவதில்லை. பள்ளிக் கட்டணம் மாதம் தவறாமல் வந்து சேர்வதால் உயிரோடும் வேலையோடும் இருக்கிறீர்கள் என்று தெரிகிறது. அது போதும். ஐந்து வருடத்துக்கு முன் உங்களை வீட்டை விட்டு அனுப்பியபோது நான் போட்ட நிபந்தனையை நீங்கள் ஒரு தடவைகூட மீறவில்லை. நேரில் வரக் கூடாது, போனில் கூப்பிடக் கூடாது, எதுவானாலும் கடிதத்தில். காகிதத்துக்குக் கை முளைக்காது என்று அன்று சொன்னேன். இரண்டு வருடமாகப் பதில் போடாதது என் தப்பு. இப்போது நானாக எழுதுகிறேன் என்றதும் பயந்துவிடாதீர்கள்.

நம் பிள்ளை பன்னிரண்டாம் வகுப்புக்கு வந்துவிட்டான். என் பள்ளியில், என் நன்னெறி வகுப்பிலேயே மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான். போன வருடம் பள்ளிகளுக்கு இடையே நடந்த பேச்சுப் போட்டியில் 'போதை இல்லாப் பாதை' என்ற தலைப்பில் பேசி முதல் பரிசு வாங்கினான். ஒரு முழ உயரத்துக்குக் கோப்பை. பேச்சை எழுதியது நான், பேசியது அவன். குரல் உங்களுடையது. நீங்கள் விட்டுப்போன சொத்தில் உருப்படியானது அது ஒன்றுதான். திங்கள்கிழமைதோறும் காலைக் கூட்டத்தில் உறுதிமொழி சொல்வதும் அவன்தான். அவன் சொல்லச் சொல்ல அறுநூறு பிள்ளைகள் திருப்பிச் சொல்கிறார்கள்.

'குண்டு' என்று கூப்பிட்டால் இப்போது தெருவே சிரிக்கும். எலும்பும் தோலுமாக இருக்கிறான். பரீட்சை வருடம் அல்லவா, சரியான தூக்கம் இல்லை, சாப்பாட்டில் நாட்டமில்லை. மூக்குக்கு மேல் கோபம் வருகிறது. இந்த வயதில் ஒரு ஆண் எழுதினால் கேட்பானோ என்னவோ. நாலு வரி புத்தி சொல்லி எழுதுங்கள். புத்தி சொல்வது நீங்கள் என்பது கொஞ்சம் வேடிக்கைதான், பரவாயில்லை.

என் இடது மணிக்கட்டு முறிந்து கட்டுப் போட்டிருக்கிறது. குளியலறையில் சோப்புத் தண்ணீரில் வழுக்கிவிட்டேன். கவலைப்பட ஒன்றுமில்லை, கரும்பலகைக்கும் கடிதத்துக்கும் வலது கை இருக்கிறது.

இப்படிக்கு,
குண்டுவின் அம்மா


ஜூன் 17

டீச்சருக்கு,

உன் கடிதத்தைக் கிரேன் அறையில் உட்கார்ந்து படித்தேன். இந்தத் துறைமுகத்திலேயே உயரமானது என் கிரேன்தான், ஏணியில் நூற்றுப் பத்துப் படி. கீழே படித்திருந்தால் என் முகத்தைப் பார்த்து ஆளுக்கு ஒரு கேள்வி கேட்டிருப்பார்கள். பிள்ளை பரிசு வாங்கினான் என்ற இடத்தில் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். கடைசிப் பத்திக்கு வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

அந்தக் குளியலறையை எனக்குத் தெரியாதா டீச்சர்? பதினோரு வருடம் அதில் வழுக்கி வழுக்கி விழுந்தவள் நீ. முன்பல் இரண்டும் அங்கேதான் போயின. விலா எலும்பு அங்கேதான் விரிசல் விட்டது. உன் அக்கா, டாக்டர், தலைமையாசிரியை எல்லாரிடமும் அந்தச் சோப்புத் தண்ணீரைத்தான் சொன்னாய். அடித்தவன் நான், கெட்ட பெயர் குளியலறைக்கு. நான் கிளம்பி வந்த பிறகு ஐந்து வருடமாக அங்கே யாரும் வழுக்கவில்லை. இப்போது உன்னைத் தள்ளியது யார்?

எலும்பும் தோலும், தூக்கமில்லை, கோபம் என்கிறாய். நான் கேட்பதற்குப் பதில் சொல். வெயிலிலும் முழுக்கைச் சட்டை போடுகிறானா? கண்ணின் பாப்பா கடுகளவுக்குச் சிறுத்திருக்கிறதா? சும்மா சும்மா உடம்பைச் சொறிகிறானா? பேசிக்கொண்டிருக்கும்போதே தலை தொங்கிப் போகிறதா? மூட்டை இறக்குகிற ஆட்கள் முதுகு வலிக்கு என்று மாத்திரையைத் தொட்டு, அப்புறம் மாத்திரைக்காகவே வாழ்ந்து போனதைக் கூட இருந்து பார்த்தவன் நான்.

புத்தி சொல்லி எழுத மாட்டேன். சாத்தான் வேதம் ஓதுகிறது என்று அவன் சிரிப்பான், அவன் சிரிப்பது நியாயம். கோபப்படு, திட்டு, ஆனால் பதில் போடு.

கிரேன்காரன்


ஜூன் 24

கிரேன்காரருக்கு,

அவன்தான். போதுமா?

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம். உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு அதுதான் தோன்றியது. இரண்டு நாள் பீரோவில் போட்டுப் பூட்டி வைத்தேன். மூன்றாம் நாள் எடுத்து மறுபடி படித்தேன். நீங்கள் கேட்ட நாலு கேள்விக்கும் ஆமாம்தான் பதில்.

கோப்பையில் தூசி படிந்திருக்கிறதே என்று துடைக்க எடுத்தேன். உள்ளே கலகலவென்றது. கவிழ்த்தால் மாத்திரை அட்டைகள், கூடவே ஒரு ஊசி. நான் எழுதிய பேச்சுக்குக் கிடைத்த கோப்பை அது. எல்லாவற்றையும் அள்ளி பீரோவுக்குள் வைக்கும்போது அவன் வந்துவிட்டான்.

"குடு."

"முதல்ல உட்காருடா. பேசலாம்."

"பேசினது போதும். கிளாஸ்லயும் பேசுறே, வீட்லயும் பேசுறே. குடும்மா."

உள்ளே இருந்த என் கையோடு சேர்த்துக் கதவைச் சாத்தினான். கோபத்தில் ஒரு தடவை சாத்தியிருந்தால் மறந்துவிடுவேன். தோளைக் கொடுத்து அழுத்திக்கொண்டே நின்றான். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே அழுத்தினான். எலும்பு முறிந்த சத்தம் இரண்டு பேருக்கும் கேட்டது. அப்புறம் காலைப் பிடித்து அழுதான், வண்டி பிடித்தான், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனான். என்ன ஆச்சு என்று டாக்டர் என்னைத்தான் கேட்டார். "அம்மா பாத்ரூம்ல வழுக்கிட்டாங்க சார்" என்று அவன்தான் சொன்னான். ஒரு தடுமாற்றம் இல்லை.

மறுநாள் கட்டோடு வகுப்புக்குப் போனேன். பாடம் என்ன தெரியுமா? தன்னடக்கம். ஒரு பெண் எழுந்து, "டீச்சர், வீட்ல ஒருத்தர் போதைக்கு அடிமையாயிட்டா நாம என்ன செய்யணும்?" என்று கேட்டாள். புத்தகத்தில் அதற்குப் பதில் இருக்கிறது: அன்பால் திருத்த வேண்டும். அதைப் படித்துக் காட்டினேன். மூன்றாவது பெஞ்சில் இருந்தவன் தலை குனிந்து நோட்டில் எழுதிக்கொண்டான்.

எல்லாம் உங்கள் ரத்தம், வேறென்ன சொல்ல? நீங்கள் வர வேண்டாம். யாருக்கும் தெரியவும் வேண்டாம். பரீட்சை முடியட்டும், நானே சரிசெய்துகொள்வேன். பெற்றவளுக்குத் தெரியாத வைத்தியமா?

குண்டுவின் அம்மா


ஜூலை 1

டீச்சருக்கு,

திட்டியதற்கு நன்றி, கேலிக்குச் சொல்லவில்லை. நான் அடித்த காலத்தில் நீ ஒரு தடவையாவது இப்படித் திட்டியிருக்கலாம்.

ரத்தம் என்கிறாய். ரத்தத்தில் ஒன்றும் போகவில்லை, கண் வழியாகப் போயிருக்கிறது. நான் கை ஓங்கும்போதெல்லாம் அவன் சாப்பாட்டு மேசைக்கு அடியில் உட்கார்ந்து பார்த்தான். ஒரு தடவை உன் தலைமுடியைப் பிடித்துச் சுவரில் மோதினேனே, அப்போது அவனுக்கு ஆறு வயது, கையில் வாய்ப்பாடு. மறுநாள் உன் நெற்றியைப் பார்த்துக் கேட்ட பக்கத்து வீட்டுக்காரியிடம் நீ சிரித்துக்கொண்டே கதை சொன்னாய். அதையும் பார்த்தான். என்னிடம் ஒரு பாடம், உன்னிடம் ஒரு பாடம். இரண்டிலும் நூற்றுக்கு நூறு வாங்கியிருக்கிறான்.

அன்பால் திருத்தலாம் என்றால் நான் என்றைக்கோ மகானாகியிருக்க வேண்டும். நீ என்னிடம் காட்டாத அன்பா?

நான் எப்படி நிறுத்தினேன் என்று நீ கேட்டதே இல்லை, நானும் எழுதியதில்லை. இங்கே வந்த முதல் வருடம் குடித்துவிட்டு வேலைக்கு வந்தேன். சங்கிலி மாட்டுகிற ஆள் ஏதோ சொன்னான் என்று இரும்புக் கொக்கியால் அவன் தோளில் போட்டேன். சதை கிழிந்து எலும்பு வெளியே தெரிந்தது. மேஸ்திரி விபத்துப் பதிவேட்டை எடுத்தார். நான் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே என் பெயரை எழுதி, 'குடித்துவிட்டு அடித்தான்' என்று எழுதினார். அவ்வளவுதான் டீச்சர். அடி இல்லை, உபதேசம் இல்லை. என் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவர் உள்ளதை உள்ளபடி எழுதினார். எட்டு மாதம் வேலை போனது. மறுவாழ்வுப் பிரிவில் ஆறு வாரம் கிடந்தேன், நடுக்கத்தில் நாக்கைக் கடித்துக்கொண்டேன். இப்போது தினம் காலையில் குழாயில் ஊதிக் காட்டிவிட்டுத்தான் ஏணியில் கால் வைக்கிறேன்.

பெரிய ஆஸ்பத்திரியில் அந்தப் பிரிவு கட்டாயம் இருக்கும். அவனை இழுத்துக்கொண்டாவது போ. டாக்டரிடம் உள்ளதைச் சொல். பரீட்சை அடுத்த வருடமும் வரும்.

கிரேன்காரன்


ஜூலை 20

குண்டுவின் அப்பாவுக்கு,

ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. போகலாம் என்று சொன்னதற்குக் கண்ணாடியைக் கையால் குத்தி உடைத்தான். பதினாலு தையல். அதற்கும் ஒரு கதை சொன்னேன்.

அதைவிடப் பெரிய பாவம் ஒன்று செய்துவிட்டேன். உங்களிடம் தவிர வேறு யாரிடம் சொல்வேன்?

நம் தெரு முனையில் சீருடை தைக்கிற தையல்காரரின் மகன், இவனுக்குப் பக்கத்தில் உட்காருகிறவன். நெட்டை என்று கூப்பிடுவார்கள். அவன் பையில் மாத்திரை அட்டை அகப்பட்டது. விசாரிக்க மூன்று பேர்: தலைமையாசிரியை, உடற்பயிற்சி ஆசிரியர், நன்னெறி என்பதால் நான். அட்டையைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. கோப்பைக்குள் இருந்த அதே மாத்திரை.

"யாருடா குடுத்தா?" என்றார் உடற்பயிற்சி ஆசிரியர். நெட்டை என்னைப் பார்த்தான். "பிடிச்சு வச்சுக்கோன்னு குடுத்தான் சார். நான் திங்கல. யாருன்னு டீச்சருக்கே தெரியும்" என்றான்.

எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். "எனக்கென்ன தெரியும்?" என்று கேட்டேன். என் வாய்தான் கேட்டது.

"அடியாத மாடு படியாது" என்று சொல்லிக்கொண்டே உடற்பயிற்சி ஆசிரியர் பிரம்பை எடுத்தார். முழங்காலுக்குப் பின்னால் அடித்தார், அவன் மண்டி போட்டதும் முதுகில் அடித்தார். சட்டை கிழிந்தது. அவன் அப்பாவை வரவழைத்தார்கள். அந்த மனிதர் கழுத்தில் அளவு நாடாவோடு ஓடி வந்தார். "டீச்சரே சொல்றாங்கன்னா பொய்யாடா?" என்று காலில் இருந்த செருப்பைக் கழற்றி மகன் வாயில் அடித்தார், உதடு கிழிகிற வரைக்கும் அடித்தார். நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். பள்ளியை விட்டு நீக்குகிற அறிக்கையை என்னிடம் நீட்டினார்கள், என் கையெழுத்து முத்துமுத்தாக இருக்கும் என்பதால் நானே எழுதினேன். ஒப்பமும் போட்டேன்.

வீட்டுக்கு வந்தால் இவன் சிரித்தான். "சூப்பர்மா. கலக்கிட்டே" என்று தோளில் கை போட்டான்.

ஊருக்குத்தான் உபதேசம் என்பது என்னைத்தான். நீங்களாவது என்னைத் திட்டுங்கள்.

அம்மா என்று சொல்லிக்கொள்கிறவள்


ஜூலை 26

டீச்சருக்கு,

திட்டச் சொன்னாய், திட்டுகிறேன். நான் உன்னைக் குடித்துவிட்டு அடித்தேன். நீ அந்தப் பிள்ளையைக் குடிக்காமல், நாற்காலியில் உட்கார்ந்து, பேனாவால் அடித்திருக்கிறாய். என்னைவிட உனக்குத்தான் கை உறுதி.

நாளைக்கே போய் எழுதியதை மாற்று. தலைமையாசிரியையிடம் சொல், தையல்காரரிடம் சொல். நம் பிள்ளை உள்ளே போனால் போகட்டும். வெளியே இருந்தால் யாரையாவது கொல்வான், இல்லையென்றால் தானே சாவான். சாவுக்கும் ஒரு கதை தயார் செய்து வைத்திருக்கிறாயா?

பத்து நாள் பார்ப்பேன். அதற்குள் நீ சொல்லாவிட்டால் உன் கடிதத்தை அப்படியே உன் பள்ளிக்கு அனுப்புவேன்.

கிரேன்காரன்


ஆகஸ்ட் 9

குண்டுவின் அப்பாவுக்கு,

நீங்கள் அனுப்ப வேண்டிய அவசியம் இல்லாமல் போய்விட்டது. உங்கள் கடிதம் வந்த அன்று கிழித்தேன். மறுநாள் துண்டுகளை ஒட்டினேன். திங்கட்கிழமை சொல்லலாம் என்று முடிவு செய்தேன். நல்ல காரியத்துக்கு நாள் பார்த்தேன் பாருங்கள். சனிக்கிழமையே எல்லாம் முடிந்துவிட்டது.

நெட்டை, பள்ளி விடுகிற நேரத்தில் சைக்கிள் நிறுத்துமிடத்தில் இவனுக்காகக் காத்திருந்திருக்கிறான். சண்டைக்கு இல்லை. "ஒரு வார்த்தை சொல்லுடா, நான் திரும்பப் பள்ளிக்கூடம் வரணும்" என்று கெஞ்சியிருக்கிறான். இவன் மதில் ஓரத்தில் கிடந்த செங்கல்லை எடுத்து முகத்தில் அடித்திருக்கிறான். விழுந்தவன் மேல் உட்கார்ந்து இன்னும் இரண்டு அடி. இடது கண் போய்விட்டது. பார்த்த பிள்ளைகள் பயந்து வாயைத் திறக்கவில்லை.

இவன் வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றித் துவைக்கிற கல்லில் போட்டான். வெள்ளைச் சட்டை, மார்பெல்லாம் ரத்தம். "சைக்கிள்ல இருந்து விழுந்துட்டேன்" என்றான். அவன் உடம்பில் புதிதாக ஒரு கீறல் இல்லை. பழக்கப்பட்ட கை, தானாகவே வாளியில் தண்ணீர் பிடித்தது. சோப்பையும் எடுத்துவிட்டேன். ரத்தக் கறைக்குப் பச்சைத் தண்ணீர்தான், சுடுதண்ணீர் ஆகாது என்று எனக்குத் தெரியும். உங்கள் சட்டைகளில் இருந்து என் ரத்தத்தை எத்தனை தடவை எடுத்திருக்கிறேன்.

அதற்குள் வெளியே யாரோ தையல்காரர் மகனுக்குக் கண் போச்சு என்று கத்திக்கொண்டு ஓடினார்கள். சோப்பைக் கீழே வைத்தேன். சட்டையை ஒரு பையில் போட்டுக்கொண்டு வாசலுக்கு நடந்தேன்.

"எங்க போறே?"

"போலீசுக்கு."

கதவைத் தாழ் போட்டான். முதல் அடி காதில். வலது காது இப்போதும் கேட்கவில்லை. விழுந்ததும் வயிற்றில் உதைத்தான், பையைப் பிடுங்கப் பார்த்தான், நான் அதன் மேல் கவிழ்ந்து படுத்துக்கொண்டேன். முதுகில் ஏறி மிதித்தான். "ஏன்டி, ஏன்டி" என்று ஒவ்வொரு மிதிக்கும் கேட்டான். பெற்ற பிள்ளை என்னை 'டி' போட்டான். உங்கள் குரல் அப்படியே.

அப்போதுதான் கத்தினேன். "என் பையன் என்னை அடிக்கிறான், யாராவது வாங்க" என்று தெருவுக்கே கேட்கக் கத்தினேன். உங்களோடு வாழ்ந்த பதின்மூன்று வருடத்தில் ஒரு நாள் நான் கத்தியதில்லை. என் சத்தத்தைக் கேட்டு எனக்கே பயமாக இருந்தது. எதிர்வீட்டுக் குழாய் வேலைக்காரர் கடப்பாரையோடு வந்து தாழ்ப்பாளைப் பெயர்த்தார்.

காவல் நிலையத்தில் இருந்த அதிகாரியின் மகள் என் மாணவி. பையைத் திறந்து பார்த்துவிட்டு மூடினார். "டீச்சர், ஒரே பையன். யோசிங்க. வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க, நான் இதைப் பாக்கல" என்றார்.

"பாருங்க சார். நீங்க பாக்கணும்னுதான் தூக்கிட்டு வந்தேன்" என்றேன். குற்றவாளி உங்களுக்கு என்ன உறவு என்று எழுதுவதற்காகக் கேட்டார். மகன் என்றேன்.

அன்றே தலைமையாசிரியைக்கும் எழுதிக் கொடுத்துவிட்டேன். தையல்காரரைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவர் என்னை அடிப்பார் என்று நினைத்தேன், அடித்திருக்கலாம். "உங்க வார்த்தைய நம்பித்தானே டீச்சர் என் புள்ளைய செருப்பால அடிச்சேன்" என்று மட்டும் சொன்னார்.

இவனைச் சிறுவர் சீர்திருத்த இல்லத்தில் வைத்திருக்கிறார்கள். மாத்திரை இல்லாமல் முதல் நாலு நாள் சுவரில் தலையை முட்டிக்கொண்டானாம், கட்டிலோடு கட்டி வைத்தார்களாம். இப்போது வைத்தியம் நடக்கிறது. நான் பார்க்கப் போனேன். காட்டிக்கொடுத்தவள் முகத்தில் முழிக்க மாட்டேன் என்று உள்ளிருந்தே சொல்லி அனுப்பிவிட்டான். அப்பாவைத்தான் பார்க்க வேண்டுமாம்.

உங்களைத்தான். என்னை அடித்தவரைத்தான் என் பிள்ளை கேட்கிறான். இதைக் கேட்டுத் திரும்பி வருகிற வழியெல்லாம் அழுதேன். நேரில் வரக் கூடாது என்ற நிபந்தனையை எடுத்துவிட்டேன். போய்ப் பாருங்கள். நான் அனுப்பினேன் என்று சொல்ல வேண்டாம்.

குண்டுவின் அம்மா


செப்டம்பர் 3

டீச்சருக்கு,

நேற்று போனேன். நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன், உடைந்து போகாதே.

தரையோடு திருகி வைத்த இரும்பு மேசை. அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் நான், கதவருகே ஒரு காவலர். இருபது நிமிடம். கன்னத்தில் கொஞ்சம் சதை வைத்திருக்கிறது. ஐந்து வருடம் கழித்துப் பார்க்கிறேன், மீசை அரும்பியிருக்கிறது. என்னைப் பார்த்ததும் சிரித்தான்.

"நீ வருவேன்னு தெரியும்பா. நாம ரெண்டு பேரும் ஒரே மாதிரி. அவ சரியில்லப்பா. பெத்த புள்ளையவே போலீஸ்ல மாட்டிவிட்டா பாரு."

எனக்கு அந்த நிமிடம் எப்படி இருந்தது தெரியுமா? சந்தோஷமாக இருந்தது. மறைக்காமல் எழுதுகிறேன். ஐந்து வருடமாக என்னை வெறுக்கிறான் என்று நினைத்த பிள்ளை அப்பா என்று கூப்பிட்டுத் தன் கட்சியில் சேர்த்துக்கொள்கிறான். ஆமாம்டா என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவன் எனக்குக் கிடைத்திருப்பான். நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

"ஒரே மாதிரிதான்டா. அதனாலதான் சொல்றேன். பல்லு உடைஞ்ச அன்னிக்கே உங்கம்மா என் சட்டையத் தூக்கிட்டுப் போலீசுக்குப் போயிருந்தா, நீ இன்னிக்கு இங்க உட்கார்ந்திருக்க மாட்டே. அந்தப் பையனுக்கு ரெண்டு கண்ணும் இருந்திருக்கும். அவ ரொம்ப லேட்டா செஞ்சா. ஆனா சரியா செஞ்சா" என்றேன்.

மேசை மேல் பாய்ந்து நெற்றியால் என் மூக்கில் முட்டினான். மூக்கு உடைந்தது. கழுத்தைப் பிடித்துக் கீழே தள்ளி முகத்தில் குத்தினான். டீச்சர், எனக்கு ஐம்பது வயதானாலும் சங்கிலி இழுத்த கை. ஒரு அடியில் அவனைச் சுவரோரம் போட்டிருக்கலாம். கை மடங்கிக்கொண்டு தானாக எழும்பியது. அதை என் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேலேயே படுத்துக் கிடந்தேன். நாலு குத்தோ ஐந்தோ. காவலர் வந்து பிரித்தார்.

வெளியே பஞ்சு கொடுத்தார்கள். காவலர் நல்ல மனிதர், பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு யோசித்தார். "அப்பாவும் புள்ளையும் கட்டிப் பிடிச்சப்போ இடிச்சுக்கிட்டீங்கன்னு எழுதிடவா? இல்லன்னா ரெண்டு மாசத்துக்கு யாரும் பாக்க முடியாது. தண்டனையும் நீளும்" என்றார்.

அடித்தான் என்று எழுதுங்கள் என்றேன். அவன் கேட்டுக்கொண்டுதான் நின்றான். என்னைப் பார்த்த பார்வையில் இந்தத் தடவை சிரிப்பு இல்லை.

இரண்டு மாதம் நானும் பார்க்க முடியாது, நீயும் பார்க்க முடியாது. உன்னைக் கேட்காமல் செய்துவிட்டேன். கோபம் இருந்தால் எழுது.

கிரேன்காரன்


செப்டம்பர் 21

குண்டுவின் அப்பாவுக்கு,

கோபம் இருந்தது. இரண்டு மாதம் என்று படித்ததும் ஒரு நாள் முழுக்க உங்களைச் சபித்தேன். சமைக்கவில்லை, பாத்திரங்களை எறிந்தேன். மறுநாள் உங்கள் கடிதத்தை மறுபடி படித்தேன். உங்கள் இடத்தில் நான் உட்கார்ந்திருந்தால் ஆமாம்டா கண்ணா என்று சொல்லியிருப்பேன்.

என் வேலை போய்விட்டது. உத்தரவில் காரணம் என்ற இடத்தில் 'தெரிந்தே பொய் அறிக்கை எழுதினார்' என்று போட்டிருக்கிறார்கள். சரியாகத்தான் எழுதியிருக்கிறார்கள். சாமான்களை எடுக்கப் போனபோது பன்னிரண்டாம் வகுப்பில் ஐந்து நிமிடம் கேட்டு வாங்கினேன். என் கை எப்படி முறிந்தது, பல் எப்படிப் போனது, இரண்டையும் சொன்னேன். நெட்டை ஒரு கண்ணில் கட்டோடு பழைய இடத்திலேயே உட்கார்ந்திருந்தான். அவன் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. அன்று போதை பற்றிக் கேள்வி கேட்ட பெண் மட்டும் என் பின்னாலேயே படிக்கட்டு வரை வந்து, "எங்க வீட்ல அண்ணன் டீச்சர்" என்று சொல்லி அழுதாள். அவளை அழைத்துக்கொண்டு அப்படியே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். நம் பிள்ளைக்குப் போகாத வழி.

உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். உங்களை நான் மன்னிக்கவில்லை. மன்னிப்பேன் என்றும் தோன்றவில்லை. நாம் இனி ஒரு வீட்டில் இருக்கப் போவதும் இல்லை. ஆனால் அவன் வெளியே வரும்போது உங்களிடம்தான் முதலில் அனுப்ப வேண்டும் என்று இல்லத்து அதிகாரியிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். மன்னிக்காமலே ஒருவரை நம்ப முடிகிறது, இது எந்த நன்னெறிப் புத்தகத்திலும் இல்லை.

நேற்று அவனிடமிருந்து எனக்கு ஒரு அஞ்சலட்டை வந்தது. அம்மா என்றுகூடப் போடவில்லை. ஒரே வரி: "அவனுக்குக் கண் திரும்ப வருமா?"

பதில் எழுத உட்கார்ந்தேன். இப்போதெல்லாம் வைத்தியம் எவ்வளவோ முன்னேறிவிட்டது என்று ஆரம்பித்துக் கிழித்தேன். கவலைப்படாதே, எல்லாம் சரியாகிவிடும் என்று எழுதிக் கிழித்தேன். நாலைந்து அட்டை வீணானது.

கடைசியில் வராது என்று எழுதி அனுப்பிவிட்டேன்.

இப்படிக்கு,
குண்டுவின் அம்மா